ஒரு விதிப்புத்தகம், ஐந்து தாள்கள்: டி அண்ட் டி ஸ்டார்ட்டர் செட் மதிப்புரை

ஆறு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் அவர்களில் எத்தனை பேர் விதிப்புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும்? ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகச் சேர்ந்து கதையாடும் மேஜை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் (சுருக்கமாக டி அண்ட் டி) ஐந்தாம் பதிப்புக்கு 2014-இல் வந்த தொடக்கப் பெட்டியான ஸ்டார்ட்டர் செட், உள்ளே வைத்திருக்கும் பொருள்களாலேயே இதற்குப் பதில் சொல்லிவிடுகிறது. 32 பக்க விதிப்புத்தகம் ஒன்றே ஒன்று. எண்கள் நிரப்பப்பட்ட பாத்திரத் தாள்கள் ஐந்து. ஆட்டத்தை நடத்தும் டிஎம் மட்டும் படிக்க வேண்டிய 64 பக்க சாகசப் புத்தகம் ஒன்று. பகடைகள் ஆறு. ஒருவர் படித்தால் போதும், மற்றவர்கள் தாளைப் பார்த்தே ஆடிவிடலாம் என்பது இதை உருவாக்கியவர்களின் கணக்கு. அந்தக் கணக்கு முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசி முதல் சண்டையிலேயே தலைகாட்டும்.

பெட்டி பழையதுதான். 2022-இல் வேறொரு ஸ்டார்ட்டர் செட் இதன் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் அலமாரிகளில் இருந்து இதை எடுத்துத்தான் இன்னும் பலர் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். அப்படி எடுப்பவர்களுக்காகவே இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

தாள் எவ்வளவு தாங்கும்

ஐந்து தாள்களில் மனித ஃபைட்டர்கள் (போர்வீரர்கள்) இருவர், ஒருவர் பெருங்கோடரிக்காரர், மற்றவர் வில்லாளி. அடுத்து டுவார்ஃப் இனக் கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி), எல்ஃப் இன விசார்ட் (மந்திரவாதி), ஹாஃப்லிங் இன ரோக் (பதுங்கித் தாக்கும் திருடர்). பெயரை மட்டும் ஆட்டக்காரர் எழுதிக்கொள்ள வேண்டும். தாக்குதல் எண், சேத எண், ஆர்மர் கிளாஸ் (அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண்), ஸ்கில் எண்கள் எல்லாம் கூட்டப்பட்டே அச்சாகியிருக்கின்றன. முதல் நாள் மேஜையில் யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. இது இந்தப் பெட்டியின் ஆகப்பெரிய பலம். 320 பக்க முழு விதிநூலைக் கொடுத்துப் பாத்திரம் உருவாக்கச் சொன்னால் முதல் மாலை முழுவதும் அதிலேயே கரைந்துவிடும்.

ஃபைட்டரோ ரோகோ எடுத்தவர் வருவதற்கு முன் கற்றுக்கொள்ள வேண்டியதைப் பதினைந்து நிமிடத்தில் சொல்லிமுடித்துவிடலாம். முதலாவது, ஆட்டத்தின் அச்சாணி: டி20-ஐ (இருபது பக்கப் பகடை) உருட்டு, தாளில் உள்ள எண்ணைக் கூட்டு, டிஎம் மனதில் வைத்திருக்கும் இலக்கை எட்டினால் வெற்றி. தாக்குதலில் அந்த இலக்கு எதிரியின் ஆர்மர் கிளாஸ், மற்ற செயல்களில் டிசி எனப்படும் கடின எண். எட்டினாலே போதும், தாண்ட வேண்டியதில்லை. இலக்கு 15 என்றால் 15 வெற்றிதான்.

இரண்டாவது, தன் முறை வரும்போது செய்யக்கூடியவை. 30 அடி நகரலாம் (டுவார்ஃபுக்கும் ஹாஃப்லிங்குக்கும் 25 அடி). ஓர் ஆக்‌ஷன் உண்டு. நகர்வை இரண்டாகப் பிரித்து, பாதி நடந்து, வெட்டி, மீதி நடக்கலாம். போனஸ் ஆக்‌ஷன் எல்லோருக்கும் இயல்பாகக் கிடைப்பதில்லை, ஏதாவது திறமையோ மந்திரமோ அதைக் கொடுத்தால்தான் உண்டு. ஃபைட்டருக்கு முதல் நிலையிலேயே (ஆட்டம் தொடங்கும் லெவல்) செகண்ட் விண்ட் இருக்கிறது: போனஸ் ஆக்‌ஷனில் 1டி10+1 (ஒரு பத்துப் பக்கப் பகடை, கூட ஒன்று) ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப்புள்ளி, திரும்பக் கிடைக்கும், ஒரு ஓய்வுக்கு ஒரு தடவை. ரோகுக்கு இரண்டாம் நிலையில்தான் அப்படியொன்றைத் தரும் கன்னிங் ஆக்‌ஷன் வரும். போனஸ் ஆக்‌ஷனை ஒரு கூடுதல் அடி என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர்.

மூன்றாவது, அட்வான்டேஜும் டிஸ்அட்வான்டேஜும். டி20-ஐ இரண்டு தடவை உருட்டி, முன்னதில் பெரியதையும் பின்னதில் சிறியதையும் எடுப்பது. 11 தேவைப்படும் ஓர் உருட்டலில் வெற்றி வாய்ப்பு 50 சதவீதம். அட்வான்டேஜ் இருந்தால் 75, டிஸ்அட்வான்டேஜ் இருந்தால் 25. மூன்று காரணங்களால் அட்வான்டேஜ் கிடைத்தாலும் இரண்டு பகடைதான். எதிரெதிரானவை இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும், எந்தப் பக்கம் எத்தனை காரணம் என்று எண்ண வேண்டியதில்லை.

நான்காவது, ஹிட் பாயிண்ட் பூஜ்யமானால் என்ன ஆகும் என்பது. தாளில் வெற்றிக்கு மூன்று வட்டம், தோல்விக்கு மூன்று வட்டம் இருக்கும். விளக்கம் விதிப்புத்தகத்தில்தான். தன் முறை வரும்போதெல்லாம் டி20 உருட்ட வேண்டும், எதையும் கூட்டக் கூடாது. 10-உம் அதற்கு மேலும் வெற்றி, குறைந்தால் தோல்வி. 1 விழுந்தால் இரண்டு தோல்வி, 20 விழுந்தால் ஒரு ஹிட் பாயிண்டோடு எழுந்துவிடலாம். கிடக்கும்போது அடிபட்டால் ஒரு தோல்வி. ஐந்து அடிக்குள் நின்று அடித்தால் அது தானாகவே கிரிட்டிக்கல் (சேதப் பகடை இரட்டிப்பாகும் அடி), எனவே இரண்டு தோல்வி. இது தெரியாத குழுவில் விழுந்த தோழனை எழுப்ப யாரும் அவசரப்பட மாட்டார்கள். தெரிந்த குழு அடுத்த முறைக்குள் ஓடும்.

ஐந்தாவது விதியே அல்ல, பேசும் முறை. ‘பெர்செப்ஷன் உருட்டட்டுமா?’ என்று கேட்காமல், ‘கதவுக்கு அந்தப் பக்கம் ஏதாவது சத்தம் வருகிறதா என்று காதை வைத்துப் பார்க்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். எந்த எண்ணை உருட்டுவது, உருட்டத்தான் வேண்டுமா என்பதை டிஎம் சொல்வார். விதியே தெரியாதவர்கூட நன்றாக ஆட முடிவதற்குக் காரணம் இந்த ஒன்றுதான்.

இந்த ஐந்தையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு ஐந்து பிரதிகள் வைத்திருக்க வேண்டிய பெட்டி இது. வைக்கவில்லை. நடத்துபவரே அரைப் பக்கத்தில் எழுதி நகலெடுத்து ஒவ்வொரு தாளுக்குக் கீழும் வைத்துவிடுவது நல்லது. செய்து வைத்தால் விதிப்புத்தகம் கைமாறிக்கொண்டே இருப்பது பாதியாகக் குறையும்.

மந்திரம் வைத்திருப்பவருக்கு வேறு பாடம்

கிளெரிக், விசார்ட் தாள்களைப் புதியவரிடம் மற்றவற்றைப் போலவே நீட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கும் பிழை. இந்த இரண்டும் விதிச் சுமையில் ஃபைட்டரைப் போல இரண்டு மூன்று மடங்கு. தாளில் மந்திரத்தின் பெயர் இருக்கும். அது என்ன செய்யும் என்பது விதிப்புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் இருக்கும். புத்தகமோ ஒன்றுதான். விசார்ட் முறை வரும்போதெல்லாம் பக்கம் புரட்டுவது தொடங்கிவிடுகிறது.

தீர்வு எளிது. தயார்செய்த மந்திரம் ஒவ்வொன்றையும் ஒரு சிறு அட்டையில் எழுத வேண்டும். ஆக்‌ஷனா போனஸ் ஆக்‌ஷனா, எவ்வளவு தூரம், எத்தனை பகடை, எதிரி சேவிங் த்ரோ (தப்பிப்பதற்கான உருட்டல்) உருட்டுகிறாரா அல்லது மந்திரம் போடுபவர் தாக்குதல் உருட்டுகிறாரா, கான்சன்ட்ரேஷன் (மந்திரம் நீடிக்கக் கவனத்தை விடாமல் வைத்திருப்பது) தேவையா. ஐந்து வரி போதும். முதல் நிலை விசார்ட் தயார்செய்வது நான்கு மந்திரங்கள்தான், கூடவே கேன்ட்ரிப்கள் என்ற சிறு மந்திரங்கள். அரை மணி நேர வேலை. தன் கையால் எழுதுபவருக்கு அதிலேயே பாதி மனப்பாடமாகிவிடும்.

ஸ்லாட் என்றால் என்ன என்பது புதியவர்களை ரொம்பவே குழப்பும். தயார்செய்த மந்திரங்கள் நான்கு, அவற்றைப் போடும் தடவைகள், அதாவது ஸ்லாட்கள், இரண்டு. எந்த மந்திரமானாலும் அந்த இரண்டிலிருந்துதான் செலவு. கேன்ட்ரிப்புக்குச் செலவே இல்லை. விசார்ட்டின் ஆர்மர் கிளாஸ் 12, ஹிட் பாயிண்ட் 8. மேஜ் ஆர்மர் மந்திரம் போட்டால் எட்டு மணி நேரத்துக்கு ஆர்மர் கிளாஸ் 15 ஆகிவிடும், ஆனால் அன்றைய சொத்தில் பாதி போய்விடும். சிறு ஓய்வில் ஆர்கேன் ரெகவரி மூலம் ஒரு ஸ்லாட்டை ஒரு நாளைக்கு ஒரு தடவை மீட்கலாம் என்பதை அறியாத விசார்ட், இரண்டு மந்திரத்தோடு கடையைக் கட்டிவிட்டு மாலை முழுவதும் சும்மா உட்கார்ந்திருப்பார்.

கிளெரிக்குக்கு இரண்டு விஷயங்கள் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் லைஃப் டொமைன் (குணப்படுத்துவதில் சிறந்த வகை) கிளெரிக். ஸ்லாட் செலவழித்துக் குணப்படுத்தும்போதெல்லாம் 2-ஐயும் மந்திரத்தின் நிலையையும் கூட்டிக்கொள்ளலாம். முதல் நிலை மந்திரத்துக்குக் கூடுதலாக 3. கியூர் வூண்ட்ஸ் என்ற குணப்படுத்தும் மந்திரம் 1டி8-உம் விஸ்டம் எண்ணும்தான் என்று நினைத்து இந்த 3-ஐ மாதக்கணக்கில் விட்டுவிடும் குழுக்கள் உண்டு. இரண்டாவது, ப்ளெஸ் மந்திரம். மூன்று பேருக்கு ஒவ்வொரு தாக்குதலிலும் சேவிங் த்ரோவிலும் ஒரு டி4 கூடும், ஆனால் கான்சன்ட்ரேஷன் வேண்டும். அடிபட்டால் கான்ஸ்டிடியூஷன் சேவிங் த்ரோ உருட்ட வேண்டும்: டிசி 10, அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, எது பெரியதோ அது. இன்னொரு கான்சன்ட்ரேஷன் மந்திரத்தைத் தொடங்கினால் முதலாவது அந்தக் கணமே முடிந்துவிடும். இதை நினைவுபடுத்துவது டிஎம் வேலை என்று விட்டுவிடாமல், கிளெரிக் ஆடுபவரே கான்சன்ட்ரேஷன் இருக்கும் வரை அந்த அட்டையை நிமிர்த்தி வைத்துக்கொண்டால் மறக்காது.

நடத்துபவர் எந்த வரிசையில் படிப்பது

32 பக்கங்களையும் அட்டையிலிருந்து அட்டைவரை ஒரே மூச்சில் படிப்பது வீண். முதல் அத்தியாயமும் சண்டை அத்தியாயமும் இரண்டு தடவை படிக்கப்பட வேண்டும். பயணம், ஓய்வு பற்றிய பகுதியை ஒரு தடவை. மந்திரங்களில் அந்த இரண்டு தாள்களிலும் உள்ளவற்றை மட்டும். பின்னிணைப்பில் உள்ள கண்டிஷன்களில் புரோன் (தரையில் விழுந்து கிடப்பது), அன்கான்ஷியஸ் (மயக்கம்) இரண்டும் போதும், மற்றவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். சாகசப் புத்தகத்தில் முதல் பகுதியை முழுதாகவும், மீதியை ஒரு மேலோட்டமாகவும். மொத்தம் இரண்டு மாலை.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது, பெட்டி அதைச் சொல்வதில்லை. தனியாக உட்கார்ந்து, ஒரு ஃபைட்டர் தாளை எடுத்து, இரண்டு காப்ளின்களோடு (சிறு அரக்கர்கள்) ஒரு சண்டையை முடிவுவரை உருட்டிப் பார்க்க வேண்டும். இருபது நிமிடம் ஆகும். இனிஷியேட்டிவ் (யாருக்குப் பின் யார் என்ற வரிசை) எங்கே எழுதுவது, காப்ளின் ஒளிந்தால் என்ன உருட்டுவது, எதிரியை விட்டு விலகினால் ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் (விலகுபவர் மேல் விழும் அடி) வருமா என்ற மூன்று இடத்திலும் கை நிற்கும். அங்கே நின்று தேடிப் படித்தது மறக்காது. ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நிற்பதைவிட அது மேல்.

விதி நினைவுக்கு வராதபோது என்ன செய்வது என்பதற்கு டிசி ஏணி இருக்கிறது: எளிது 10, நடுத்தரம் 15, கடினம் 20. பயிற்சி உள்ளவர் +5 வைத்திருந்தால் டிசி 15-ஐ 55 சதவீதம் எட்டுவார், எதுவும் இல்லாதவர் 30 சதவீதம். இந்த இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் ஏறக்குறைய எந்தச் சூழலுக்கும் அந்த இடத்திலேயே ஒரு தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஒரு நிமிடத்துக்கு மேல் தேட வேண்டியிருந்தால் தேடக் கூடாது. தீர்ப்பைச் சொல்லிவிட்டு ஓரமாகக் குறித்துவைத்து, ஆட்டம் முடிந்ததும் பார்த்து, அடுத்த நாள் ஆட்டம் தொடங்கும் முன் சரியான விதியை எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிழையான தீர்ப்பே வீட்டு விதியாக உறைந்துபோவது அப்படித்தான்.

முதல் சண்டை

சாகசத்தின் தொடக்கமே காப்ளின் பதுங்கு தாக்குதல். வழியில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன, புதரில் நான்கு காப்ளின்கள். இந்தப் பக்கங்களை எழுதியவர்கள் புதிய டிஎம்மைக் கைபிடித்து அழைத்துப்போகிறார்கள். யார் முன்னால் நடக்கிறார்கள் என்று கேள், காப்ளின்களுக்கு ஸ்டெல்த் (ஒளியும் திறன்) உருட்டு, ஒவ்வொருவரின் பாசிவ் பெர்செப்ஷனோடு (உருட்டாமலே உள்ள கவனிக்கும் திறன்) ஒப்பிடு, இனிஷியேட்டிவ் உருட்டு என்று படிப்படியாக இருக்கிறது. கற்பிக்கும் விதத்தில் இந்தப் பெட்டியின் சிறந்த பக்கங்கள் இவைதான்.

ஆனால் எண்களைப் பாருங்கள். காப்ளினுக்கு ஆர்மர் கிளாஸ் 15, ஹிட் பாயிண்ட் 7, தாக்குதல் +4, சேதம் 1டி6+2. விசார்ட்டின் 12-ஐ அது 65 சதவீதம் எட்டும். ஒளிந்திருந்து அட்வான்டேஜோடு எய்தால் 88 சதவீதம். சராசரி சேதம் ஐந்தரை. இரண்டு அம்பு பட்டால் விசார்ட் தரையில். ஒரு கிரிட்டிக்கல் என்றால் 2டி6+2, சராசரி 9, ஒரே அம்பில் தரையில். யாரும் விளையாட்டைப் புரிந்துகொள்ளும் முன்பே ஒருவர் டெத் சேவிங் த்ரோ (மேலே சொன்ன உயிருக்கான உருட்டல்) உருட்டிக்கொண்டிருப்பார்.

இதில் ஆட்டக்காரர்களின் விதி அறிவு எவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்பதற்கு ஸ்லீப் மந்திரம் நல்ல சான்று. 5டி8 உருட்ட வேண்டும், சராசரி 22.5. வட்டத்துக்குள் ஹிட் பாயிண்ட் குறைந்தவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகத் தூங்குவார்கள், சேவிங் த்ரோ கிடையாது. 22 விழுந்தால் ஏழேழாக மூன்று காப்ளின்கள் சாய்ந்துவிடும், நான்காவது மட்டும் நிற்கும். மூன்று காப்ளின்கள் வீழ்ந்தால் கடைசியானது ஓடிவிட முயலும் என்று சாகசப் புத்தகமே சொல்கிறது. ஆக, ஒரே ஸ்லாட்டில் சண்டை முடிகிறது. ஆனால் அந்த வட்டத்தின் ஆரம் 20 அடி, அதாவது குறுக்களவு 40 அடி. தோழர்கள் உள்ளே இருந்தால் அவர்களும் தூங்குவார்கள், ஒன்பது ஹிட் பாயிண்ட் ரோக் உட்பட. எல்ஃப் என்பதால் விசார்ட் மட்டும் தூங்க மாட்டார். எனவே எல்லோரும் கைகலப்பில் இறங்கும் முன்பே போட வேண்டும். மந்திரத்தைப் பாதி மட்டும் தெரிந்தவர் போட்டால் தன் குழுவையே படுக்கவைத்துவிடுவார். தெரியாதவர் தொடவே மாட்டார். அட்டையில் ஐந்து வரி எழுதியவர் குழுவைக் காப்பாற்றுவார்.

டிஎம் பக்கம் நடக்கும் பிழைகள் வேறு. காப்ளினுக்கு நிம்பிள் எஸ்கேப் உண்டு: போனஸ் ஆக்‌ஷனில் விலகலாம் அல்லது ஒளியலாம். இதை மறந்தால் சண்டை சப்பென்று போகும். நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் நான்கும் எய்து ஒளிந்தால் புதியவர்களுக்குத் தப்ப வழியில்லை. இரண்டு காப்ளின்கள் கைகலப்புக்கு வர, இரண்டு தூரத்திலிருந்து எய்யும் என்று புத்தகம் காட்டும் வழியே சரியான நடுநிலை. மூன்று ஆட்டக்காரர்கள் மட்டுமே இருந்தால் காப்ளின்களையும் மூன்றாகக் குறைத்துவிடுங்கள், சாகசம் நான்கைந்து பாத்திரங்களுக்காக எழுதப்பட்டது. குழு முழுவதும் விழுந்தாலும் ஆட்டம் முடிந்துவிடாது. காப்ளின்கள் உடைமைகளைச் சுருட்டிக்கொண்டு அவர்களை மயக்கத்தில் விட்டுப்போகும் என்று அதே பக்கத்தில் இருக்கிறது. அந்த வரியைப் படிக்காத டிஎம் முதல் நாளே ஐந்து தாள்களையும் கிழிக்க வேண்டிவரும்.

இந்த வழியில் போனால் வரும் குகையில் கிளார்க் என்ற பக்பேர் (காப்ளினைவிடப் பெரிய அரக்கன்) காத்திருக்கும். ஒரு அடிக்குச் சராசரி 11 சேதம், ஆச்சரியத்தில் சிக்கினால் அதற்கு மேல் 2டி6. முதல் நிலையில் யாரும் அதைத் தாங்க மாட்டார்கள். குகைக்குள் நுழையும் முன் ஒரு மணி நேரச் சிறு ஓய்வு எடுத்து ஹிட் டைஸ் உருட்டி ஹிட் பாயிண்டை மீட்கலாம் என்பதைக் குழு அறிந்திருக்க வேண்டும். அவர்கள் கேட்காவிட்டால் டிஎம் சொல்லிவிடுவதில் தவறே இல்லை.

அடிக்கடி தவறாக ஆடப்படுபவை

சர்ப்ரைஸ் (எதிர்பாராத தாக்குதல்) என்றால் ஒரு தனிச் சுற்று என்று பலர் ஆடுகிறார்கள். 2014 விதியில் அப்படி ஒரு சுற்று இல்லை. எல்லோரும் இனிஷியேட்டிவ் உருட்டுவார்கள். ஏமாந்தவர் தன் முதல் முறையில் நகரவோ செயல்படவோ முடியாது, அந்த முறை முடியும்வரை பதிலுக்குச் செய்யும் ரியாக்‌ஷனும் கிடையாது, அவ்வளவுதான். ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் எதிரியின் எட்டும் தூரத்தை விட்டு வெளியேறும்போது மட்டும் வரும். அதற்குள்ளேயே சுற்றி நடந்தால் வராது. டெத் சேவிங் த்ரோவை விட்டுவிட்டால், டி20-இல் 20 விழுந்தால் தாக்குதல் மட்டும்தான் தானாக வெற்றி. பூட்டைத் திறக்கவோ ஒருவரை நம்பவைக்கவோ உருட்டும்போது 20-உம் ஒரு சாதாரண எண்தான். ரோகுக்குக் கூடுதல் சேதம் தரும் ஸ்னீக் அட்டாக்குக்கு ஒளிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இலக்கின் ஐந்து அடிக்குள் ஒரு தோழன் நின்றாலே போதும், ஒரு முறைக்கு ஒரு தடவை. இதை அறியாத ரோக் ஆடுபவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒளிய முயன்று, தன் சேதத்தில் பாதியை இழந்துகொண்டிருப்பார்.

இன்னொரு பிழை, போனஸ் ஆக்‌ஷனில் ஒரு மந்திரம் போட்டுவிட்டு ஆக்‌ஷனில் மற்றொரு ஸ்லாட் மந்திரமும் போடுவது. அப்படிப்பட்ட ஹீலிங் வேர்ட் மந்திரம் போட்ட முறையில் ஆக்‌ஷனுக்குக் கேன்ட்ரிப் மட்டும்தான்.

இப்போது இவற்றோடு புதிய குழப்பம் ஒன்று சேர்ந்திருக்கிறது. 2024-இல் திருத்திய விதிநூல் வந்தது. அதில் ஸ்லீப்புக்கு விஸ்டம் சேவிங் த்ரோ உண்டு, ஹிட் பாயிண்ட் எண்ணுவது இல்லை. சர்ப்ரைஸ் என்பது இனிஷியேட்டிவில் டிஸ்அட்வான்டேஜ். கியூர் வூண்ட்ஸ் 2டி8. மருந்துக் குப்பியைப் போனஸ் ஆக்‌ஷனில் குடிக்கலாம். இணையத்தில் தேடினால் இரண்டும் கலந்து கிடைக்கும். இந்தப் பெட்டியோடு ஆடுபவர்கள் பெட்டியில் உள்ள 32 பக்கமே சட்டம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கலந்து ஆடினால் சமநிலை பெரிதாகக் கெடாது, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வாக்குவாதம் வரும்.

எல்லாம் தெரிந்தவர் மேஜையில் இருந்தால்

விதி முழுவதும் தெரிந்த ஓர் ஆட்டக்காரர் புதியவர் குழுவுக்கு வரம். அவர் எப்போது வாய் திறக்கிறார் என்பதுதான் முக்கியம். ஒரு பாத்திரத்தின் உயிர் அந்தத் தீர்ப்பில் தொங்கினால், அல்லது ஒருவரின் திறமை தவறாக மறுக்கப்பட்டால், அப்போதே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். மற்றவை ஆட்டம் முடிந்த பிறகு. தன் பக்கத்துக்குச் சாதகமானதை மட்டும் நினைவூட்டிவிட்டு, காப்ளினுக்குச் சாதகமானதைச் சொல்லாமல் விடுபவரின் பேச்சை இரண்டாம் நாளிலிருந்து டிஎம் கேட்க மாட்டார். எதிரியின் ஆர்மர் கிளாஸையும் ஹிட் பாயிண்டையும் மனப்பாடமாகச் சொல்வது எந்த நிலையிலும் கூடாது. அது மற்ற நால்வரின் கண்டுபிடிப்பைப் பறிப்பது. அடுத்தவர் முறையில் அவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதும் அதே வகைதான். கேட்டால் இரண்டு வழி சொல்லலாம், தேர்வை அவரிடமே விட வேண்டும்.

இவருக்கு ஏற்ற வேலை ஒன்று இருக்கிறது: விதிப்புத்தகத்தை அவரிடமே கொடுத்துவிடுவது. டிஎம் சாகசப் புத்தகத்தைப் பார்க்கட்டும், அரக்கர்களின் எண்கள் அதன் பின்பகுதியிலேயே உள்ளன. தேட வேண்டியது வந்தால் இவர் தேடுவார், ஆட்டம் அதற்குள் நகர்ந்துகொண்டிருக்கும். இரண்டு புத்தகங்களாகப் பிரித்து அச்சிட்டிருப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது.

பகடையும் வரைபடமும்

பகடைகள் டி4, டி6, டி8, டி10, டி12, டி20, ஒவ்வொன்றும் ஒன்று. ஐந்து ஆட்டக்காரரும் ஒரு டிஎம்மும் ஒரே டி20-ஐக் கைமாற்றி ஆட வேண்டும், அட்வான்டேஜுக்கு அதையே இரண்டு தடவை உருட்ட வேண்டும், ஸ்லீப்புக்கு ஒரே டி8-ஐ ஐந்து தடவை. இது போதாது. ஆளுக்கு ஒரு டி20-உம் பொதுவாக நான்கு டி6-உம் கூடுதலாக வாங்கிவைக்க வேண்டும். கட்டம் போட்ட வரைபடத் தாளோ பொம்மைகளோ இல்லை. சாகசப் புத்தகத்துக்குள் இருக்கும் படங்களில் டிஎம்முக்கான இரகசியக் குறிகள் இருப்பதால் அப்படியே காட்டவும் முடியாது. ஒரு கட்டம் ஐந்தடி என்று கணக்குத் தாளில் வரைந்து, பொத்தான்களை வைத்து ஆடினால் தூரம் பற்றிய கேள்விகள் பெருமளவு அடங்கிவிடும்.

மற்ற பெட்டிகளோடு

2019-இல் வந்த எசென்ஷியல்ஸ் கிட்டில் விதிப்புத்தகம் 64 பக்கம், பாத்திரம் உருவாக்கும் வழியும் உண்டு, பகடைகள் 11, இனிஷியேட்டிவ் வரிசைக்கு எண் அட்டைகள், டிஎம் திரையும் இருக்கின்றன. ஒரே ஓர் ஆட்டக்காரரோடும் ஆட சைட்கிக் (துணைப் பாத்திரம்) விதிகள் உண்டு. பொருள்களில் அது மேல். ஆனால் முதல் மாலையிலேயே எல்லோரையும் விதி படிக்கவைக்கிறது, சாகசமும் டிஎம்மைக் கைபிடித்து அழைத்துப்போவதில்லை. 2022 ஸ்டார்ட்டர் செட் இதைவிடச் சுருக்கமானது, மூன்றாம் நிலையோடு நின்றுவிடும். புதிய டிஎம்முக்கு மென்மையான தொடக்கம் வேண்டும் என்றால் அதை எடுக்கலாம்.

வேறொரு பாதையில் போவது டி அண்ட் டி போன்ற இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டருக்கு 2020-இல் வந்த பிகினர் பாக்ஸ். அதில் ஆட்டக்காரருக்கான 80 பக்கப் புத்தகம் தனியாள் சாகசம் ஒன்றோடு தொடங்குகிறது. ஒருவர் தனியாக அதை ஆடியே உருட்டுவதையும் தாக்குவதையும் கற்றுவிடுவார். 1983-இல் வந்த பழைய டி அண்ட் டி சிவப்புப் பெட்டியிலும் இதே உத்திதான். ஒவ்வொருவருக்கும் என்னென்ன செய்யலாம் என்ற குறிப்பு அட்டையும் பிகினர் பாக்ஸில் இருக்கிறது. ஸ்டார்ட்டர் செட்டில் குறை என்று மேலே சொன்ன அதே பக்கம். ஆனால் பாத்ஃபைண்டரில் ஒரு முறைக்கு மூன்று ஆக்‌ஷன், இரண்டாவது தாக்குதலுக்கு 5-உம் மூன்றாவதற்கு 10-உம் கழிவு. எல்லா ஆட்டக்காரர்களும் விதியை ஓரளவு உள்வாங்கியிருந்தால்தான் அது ஓடும். ஒருவர் மட்டும் படித்து ஐந்து பேருக்கு நடத்த விரும்பும் குழுவுக்கு 2014 பெட்டியே இன்னும் பொருத்தம்.

நிலை உயரும்போது

இரண்டாம் நிலைக்கு 300 அனுபவப் புள்ளிகள், மூன்றாவதுக்கு 900, நான்காவதுக்கு 2,700, ஐந்தாவதுக்கு 6,500. ஒவ்வொன்றிலும் அந்தப் பாத்திரத்துக்கு என்ன வரும் என்பது தாளிலேயே இருக்கிறது. எனவே அடுத்த நிலைக்கு முந்தைய நாள் ஆளுக்குப் பத்து நிமிடம் தன் தாளை மட்டும் படித்தால் போதும். விதி அறிவும் பாத்திரமும் ஒரே வேகத்தில் வளர்வதற்கான இந்த ஏற்பாடு வெகு நேர்த்தி.

மூன்றாம் நிலை வாக்கில் குழு பாழடைந்த தண்டர்ட்ரீ கிராமத்துக்குப் போகக்கூடும், அங்கே ஓர் இளம் பச்சை டிராகன் இருக்கிறது. ஆர்மர் கிளாஸ் 18, ஹிட் பாயிண்ட் 136, நச்சு மூச்சுக்கு 12டி6, சராசரி 42. கான்ஸ்டிடியூஷன் சேவிங் த்ரோவில் வென்றாலும் பாதி, 21. மூன்றாம் நிலை விசார்ட் அதையும் தாங்குவது கடினம். அதற்கு முன்னதாகவே டிஎம் ஒரு தடவையாவது, எல்லாச் சண்டையும் வெல்லக்கூடிய சண்டை அல்ல, பேசலாம், விலகலாம், பேரம் பேசலாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவைக்க வேண்டும். தாளிலும் விதிப்புத்தகத்திலும் தேடினால் கிடைக்காத விஷயம் அது.